குகை ஃபீடர்

கலெக்டர் விட்டது ஒரு நாள் லீவு.
குகை தானாக விட்டுக்கொண்டது மூன்று நாள்.
தறிகள் வாயை மூடிவிட்டதில்
தெருவுக்கே காது அடைத்ததுபோல் இருக்கிறது.
ஆட்கள் மட்டும் இன்னும்
தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசுகிறார்கள்.

என் பெயருக்கு நேரே ரிஜிஸ்தரில்
மாலை நாலு முதல்
வண்டிகள் கோயிலைச் சுற்றி முடிக்கும்வரை
என்று எழுதியிருக்கிறது.
முடியும் மணி போடவில்லை.
சாமிகளுக்கு மேக்கப் எப்போது முடியும் என்று
ஜே.இ.க்கு எப்படித் தெரியும்?

வண்டி வேடிக்கைக்கு வேலை இதுதான்:
வண்டி வரும் தெருவில் கரண்டை நிறுத்து.
போன தெருவுக்குத் திருப்பிக் கொடு.
வருசமெல்லாம் வெளிச்சத்துக்காகத்
திட்டு வாங்குகிறவன்
இன்றைக்கு இருட்டை ஓட்டிக்கொண்டு முன்னால் போகிறேன்
ஆட்டுக்கிடையை ஓட்டுவதுபோல.

"சுகந்தி மேடம், குகை ஃபீடர். எல்.சி. கொடுங்க."

சப்-ஸ்டேஷனில் அவர் தனி ஆள்.
டிபன் பாக்ஸ் மூடி தரையில் உருளும் சத்தம்.
"கொடுத்தாச்சு மாதையன். நேரம் ஏழு பதினெட்டு.
முதல் வண்டி என்ன சாமி?"
"தெரியல மேடம்.
லாரியோட முகம் மட்டும்தான் தெரியுது."

பிறகு தெரிந்தது.
தெர்மாகோல் பனி, ஜெனரேட்டர் நிலா,
உச்சியில் புலிக்கோடு போட்ட வெல்வெட்டில் சிவன்.
ஜடைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இல்லை.
கீழே மூங்கிலால் கேபிள் டி.வி. ஒயரைத்
தூக்கிப் பிடித்துக்கொண்டு சித்தேசு அலறுகிறான்:
"சாமி, குனி! குனி சாமி!"

குனிந்தார்.

கம்பத்தின் மேல் நான்.
அவர் மூச்சு என் கன்னத்தில் படுகிற தூரம்.
லாரி அங்கேயே நின்றுவிட்டது,
முன்னால் ஏதோ மாடு.
"அண்ணே, தண்ணி இருக்குதா?
அஞ்சு மணியிலருந்து நிக்கிறேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
லைன்மேடு மூணாவது சந்து, கீழ்வீடு.
போன மாசம் இருபத்தேழாம் தேதி
நான்தான் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி வந்தேன்.
வாசலில் கைக்குழந்தையோடு ஒன்றும் சொல்லாமல் நின்றான்.

பாட்டிலை நீட்டினேன்.
ரப்பர் பாம்பு சுற்றிய கை வாங்கிக்கொண்டது.
அண்ணாந்து குடித்ததில்
கழுத்து நீலம் ஒரு கோடாய்க் கரைந்து இறங்கியது.
பாட்டிலைத் திருப்பித் தரும்போது
என் காக்கியைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.
"கட்டிட்டண்ணே," என்றான்.
லாரி நகர்ந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ.
முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு
கிரீடம், வேல், தாமரை.
எனக்குக் கிடைப்பதெல்லாம் பின்பக்கம்:
பிளைவுட், ஊக்கு,
விழாமலிருக்க இடுப்பைச் சுற்றிய நைலான் கயிறு.
மகாலட்சுமிக்கும் கயிறு, மகிஷனுக்கும் கயிறு,
எனக்கும்தான்.

பத்து மணிக்கு மகள் போன் செய்தாள்.
"தட்டுவடை கடைகிட்ட நிக்கிறோம்ப்பா, நீ எங்க?"
"மேல பாரு, இலக்கியா. மூணாவது கம்பம்."
"ஒண்ணுமே தெரியலையே."
தெரியாதுதான். என் கையால் அணைத்த தெரு.
நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வேறு யாரையோ பார்த்துக் கையாட்டினாள்.

இதற்கு ஈடுசெய் விடுப்பு ஒன்று உண்டு.
ஏதாவதொரு செவ்வாய்க்கிழமை எடுப்பேன்.
அவள் பள்ளிக்கூடத்தில், அவள் அம்மா பட்டறையில்.
குகை முழுக்கத் தறி ஓடும்.
நான் மத்தியானம் தூங்கி எழுந்து
எந்த வேளை என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

மூணே முக்காலுக்குக் கடைசி வண்டி.
"ஆள் எல்லாம் இறங்கியாச்சு மேடம், சப்ளை கொடுக்கலாம்."
தெரு திடுக்கென்று வெளுத்தது.
யாரோ அணைக்க மறந்த டி.வி.
பூட்டிய வீட்டுக்குள் நகை விளம்பரம் பேசியது.

போனை அவர் வைக்கவில்லை.
பதினொரு வருசமாகக் குகைக்கு
எல்.சி. கொடுத்துக்கொண்டிருக்கிறார்,
ஒரு வண்டியும் பார்த்ததில்லை.
"தூக்கம் வரலைன்னா சொல்லுங்களேன்,
ஒவ்வொண்ணா."

மகள் கொடுத்துவிட்டுப் போன தட்டுவடை
நமத்துப் போயிருந்தது.
ஒரு வாய் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்:

"முதல் வண்டி கைலாயம் மேடம்.
சிவன் கரண்ட் பில் கட்டிட்டாராம்."