வராமைக்கான காரணம்

நக்கீல் வீதியில்
ஜூஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில்
நான் உட்காரும் டைப்பிங் சென்டர்.
மேசை ஒன்று, பிரிண்டர் ஒன்று,
ராஸ் அல் கைமாவின் மொத்த வெயிலும்
கண்ணாடிக் கதவில்.

டைல்ஸ் கம்பெனிச் சூளையில்
இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தார்.
புருவத்தில் வெள்ளைப் பொடி.
கோர்ட்டிலிருந்து வந்த மெசேஜை நீட்டி
'என்னம்மா சொல்லுது' என்றார்.

ஷத்ப் என்றிருந்தது.
அடித்துவிட்டார்கள் என்றேன்.
'யாரை?' என்றார்.

ஆளை இல்லை, வழக்கை.
மளிகை நோட்டில் பற்று தீர்ந்ததும்
குறுக்கே கோடு இழுப்பார்களே, அப்படி.
தீராமலே இழுத்த கோடு.

ஏசி ரிப்பேர் கடையில் பங்கு என்று
சேசுபாலனிடம் கொடுத்தது பன்னிரண்டாயிரம் திர்ஹம்.
கடை இருக்கிறது. சேசுபாலனும் இருக்கிறான்.
பங்கு மட்டும்
ஒரு காஸ் பில்லின் பின்புறத்தில்
நீலப் பேனாவில் இருக்கிறது.

திரும்ப எடுக்க வைக்கலாம்,
கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள்.
தஜ்தீத் என்று பெயர்.
விசாவுக்கும் அதே சொல், லைசென்ஸுக்கும் அதே சொல்.
'எல்லாம் புதுப்பிச்சுத்தானே ஓடுது'
என்று பர்ஸை எடுத்தார்.

படிவத்தில் ஒரு பெட்டி உண்டு:
வராமைக்கான காரணம்.
இரண்டு வரிக்கு மேல் ஏற்காது.
அதில் நான் காய்ச்சலை அடித்திருக்கிறேன்,
டயர் பஞ்சரை,
பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்த முதலாளியை,
'பயமா இருந்துச்சு' என்ற ஒருவனுக்காக
வயிற்றுவலியை.

நீங்கள் ஏன் போகவில்லை?

'போனேனே' என்றார்.

ஏழு மணிக்கே போயிருக்கிறார்.
வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார்.
மூன்றாம் வரிசை, ஓர நாற்காலி.
தூக்கத்துக்கு எதிராகச் சட்டைப் பையில்
இரண்டு பச்சை மிளகாய்.
ஒன்றைக் கடித்து முடித்திருந்தபோது
கதவைத் திறந்து ஒருத்தர் வந்து
யார் பெயரையோ கூப்பிட்டார்.
மூன்று தடவை.
'யாரோ பாவம், வரலை போலன்னு
நானும் திரும்பிப் பார்த்தேம்மா.'

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன்.
முத்திருளப்பன் பிச்சைக்கனி.
பம்பரத்தில் இரண்டு ப இருக்கிறதே,
அரபியிடம் இரண்டாவது மட்டும்தான்.
ச்ச கிடையாது. ள கிடையாது.
மூதி ருலாபன் பிஷாய்கனி
என்று உரக்கச் சொல்லிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பிரிண்டரையே பார்த்திருந்தார்.
'அந்த ஆளா நான்.'

என்னை இங்கே எஸில் என்பார்கள்.
ழ விமானத்தில் ஏறவே இல்லை.
பதினோரு வருடமாக எஸிலுக்குத் திரும்புகிறேன்.
எழிலரசி என்று யாராவது கூப்பிட்டால்தான்
எந்த அலமாரியில் வைத்தேன் என்று
தேட வேண்டியிருக்கிறது.

பெட்டியில் என்ன அடிப்பது?
காய்ச்சல் சுலபம்;
ஆனால் டாக்டர் சீட்டுக் கேட்பார்கள்.
'மனுதாரர் வந்திருந்தார்.
அழைக்கப்பட்டது தாமே என்று அறியவில்லை.'
அரபியில் அது ஒன்றரை வரி.
மேலே உள்ள கேள்விக்குப் பதிலே இல்லை.
அப்படியே அனுப்பினேன்.

ஆறாம் நாள் புதுத் தேதி வந்தது.
கோட்டை அழித்துவிட்டார்கள்.
பணம் இன்னும் அதே காஸ் பில்லில்.

இப்போது ஷிப்ட் முடிந்ததும் வந்து உட்காருகிறார்.
ஜூஸ் கடை ஹபீப்
மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து
கதவைத் திறந்து கத்துகிறான்:
மூதி ருலாபன் பிஷாய்கனி!
நேற்று மூன்றாவது தடவைக்குத்தான் எழுந்தார்.
இன்று இரண்டாவதற்கே பாதி எழுந்து,
வேறு யாராவது எழுகிறார்களா என்று பார்த்து,
அப்புறம் முழுசாக.