எந்த நிறுத்தத்தில்

தேபெக் மலையின் ஜுமொக் மரம்
உயிரோடு ஆயிரம் ஆண்டு நிற்கும்,
செத்தும் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்பார்கள்.
அத்தனை பிடிவாதக்கார மரம்.
அதன் பட்டையில் இருக்கும் மருந்து
தண்ணீரோடு மட்டும் ஒத்துப்போகாது.

தேஜோனில், மூன்றாம் மாடியில்,
நாற்பத்தொரு முறை கரைத்துப் பார்த்துவிட்டேன்.
இரவு தெளிவாக மூடிவைத்த குப்பியில்
விடிந்தால் ஊசி ஊசியாய்ப் படிகம்.
நோட்டில் எழுதுவேன்: வீழ்படிவு.
அந்த ஒரு சொல்லை எழுதி எழுதியே
என் கையெழுத்து சரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இன்னும்
ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒன்றில் கரைத்துத்தான்
ஏற்றுகிறார்கள், மேங் ஸுக்-ஜாவுக்கும்.
இருபத்தாறு வருடம் 704 ஓட்டியவர்.
நான் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால்
கதவை அரை நொடி கூடுதலாகத் திறந்து வைப்பார்.
இப்போது வாரம் ஒரு முறை
மருந்து ஏறும் முன், அதன் கோபத்தை அடக்க
வேறு இரண்டு மருந்து.
முகம் செம்பருத்தியாய்ச் சிவந்தபடி கேட்கிறார்:
“வைத்தியம் எனக்கா, எண்ணெய்க்கா?”

ஜேஜு ஆரஞ்சை உரித்துக்கொண்டே விளக்கினேன்.
பாலிமர் என்பது நீளமான சங்கிலி.
ஒரு பாதிக்குத் தண்ணீர் என்றால் உயிர்,
மறு பாதிக்கு ஆகவே ஆகாது.
கோடிக்கணக்கில் தண்ணீரில் விட்டால்
ஆகாத பாதிகள் உள்ளே ஒதுங்கிக் கூடிக்கொள்ளும்,
தொட்டதும் சுருளும் மரவட்டை மாதிரி.
அந்தச் சுருளுக்குள் மருந்து.
ரத்தத்தின் கண்ணுக்கு அது
இன்னொரு துளித் தண்ணீர்.

சுளையை வாயில் போடாமல் கேட்டார்:
“ஏற்றிவிட்டாய், சரி.
எந்த நிறுத்தத்தில் இறங்கும்?”

பதில் சொல்லாமல் திரும்பிவந்தேன்.
என் எலிகளுக்குள்
பாதிப் பயணிகள் ஏறிய இடத்திலேயே குதித்துவிட்டார்கள்.
மற்றவர்கள் தூங்கிப்போய் டெர்மினஸ் வரை போனார்கள்.
டெர்மினஸ் என்றால் ஈரல்.
கட்டி இருந்த இடத்தில் இறங்கியவர்கள்
நூற்றுக்கு மூன்று பேர்.
அந்த எண்ணை எந்த மாநாட்டிலும்
நான் பெரிய எழுத்தில் போட்டதில்லை.

நாற்பத்திரண்டிலிருந்து
பிடிப்பதை மறந்து, விடுவதைப் பார்க்கிறேன்.
கட்டியைச் சுற்றிப் புளிப்பு கொஞ்சம் தூக்கல்.
அந்தப் புளிப்பு பட்டால் அவிழ்கிற
முடிச்சு ஒன்று போட்டேன்.

“அவிழ்ந்த பிறகு சங்கிலி என்னாகும்?”
சாப்பாட்டு நேரத்தில் நாம்குங் ஸொல் கேட்டாள்.
ஒரு பாதி சிறுநீரோடு போகும்.
மறு பாதி இற்று இற்று, இதுவாக முடியும் என்று
அவள் தட்டிலிருந்த கிம்ச்சியைக் காட்டினேன்.
அதே அமிலம், அதே புளிப்பு.
மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினாள்.
பிறகு இன்னொரு துண்டை எடுத்தாள்.

இது ஸுக்-ஜாவுக்கு வந்துசேராது.
எலி, அப்புறம் நாய், அப்புறம் காகிதம், மேலும் காகிதம்.
அவருக்கும் தெரியும், கேட்கவில்லை.
704-இன் பழைய நேர அட்டையைக் கொடுத்தார்.
“புத்தகத்தில் அடையாளத்துக்கு வை.”

இன்று காலை, நாற்பத்து நான்காம் குப்பி.
அதன் பின்னால் அந்த அட்டையைப் பிடித்தேன்.
முதல் பஸ் 5.40.
கடைசி பஸ் 10.25.
ஓர் எழுத்தும் கலங்கவில்லை.

நோட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
சாயங்காலம் ஆறு மணிக்கு
மறுபடி வாசித்துப் பார்க்க வேண்டும்.