வந்தோம் சதுக்கம்

ஷார்ஜா, சஜா தொழிற்பேட்டை.
கண்ணாடி நார் கலந்த சிமென்டில்
வாரத்துக்கு ஆறு நாள்
பாரிஸை வார்க்கிறோம்.

வெண்டோம் இல்லை, வாந்தோம் என்று வாசி
என்றான் ஜெர்வாஸ்.
காரைக்கால்காரன், டிராயிங் பார்ப்பவன்,
மாமா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்.
எங்கள் வாயில் அது ஒரு காலை இழந்து
வந்தோம் ஆயிற்று.
வந்தோம் சதுக்கம்.
வராமல் என்ன செய்வது.

சதுக்கம் என்கிறார்கள்,
மூலைகளை வெட்டியிருப்பதால்
எண்ணினால் எட்டுப் பக்கம்.
அந்த ஊரில் முகப்பை முதலில் கட்டினார்களாம்.
சுற்றிலும் தூணும் வளைவும் சன்னலும்,
பின்னால் வெறும் மண்.
மனையை அப்புறம்தான் விற்றார்களாம்,
வாங்கினவன் முகத்துக்கு ஏற்ப வீடு கட்டிக்கொள்ள.

எங்கள் முகப்புக்குப் பின்னாலும்
இரும்புச் சட்டம், ஏசி குழாய்,
தில்பகதூர் ஒளித்துவைத்த
பாதி குடித்த தண்ணீர் பாட்டில்.

நடுவில் முதலில் ஒரு ராஜா, குதிரைமேல்.
ஜனங்கள் இழுத்துப் போட்டார்கள்.
பிறகு ஒரு தூண்,
பிடித்துவந்த பீரங்கிகளை உருக்கிய தகடு போர்த்தி.
அடியிலிருந்து உச்சிவரை
போர் சுற்றிச் சுற்றி ஏறும்.
எங்கள் தூண் பதினொரு மீட்டர், உள்ளே காற்று,
வெளியே வெண்கல நிறம், இரண்டு கோட்டிங்.
ஒரே அச்சை ஒன்பது முறை வார்த்ததில்
ஒரே சிப்பாய் ஒன்பது முறை விழுகிறான்,
ஒவ்வொரு முறையும் தொப்பி கழன்று.

நிஜத் தூணும் ஒருநாள் விழுந்தது.
ஊர் தன் கையில் ஆட்சியை எடுத்துக்கொண்ட
எழுபது சொச்சம் நாட்களில்.
அதிர்ச்சி தாங்கட்டும் என்று தரையில்
சாணமும் வைக்கோலும் சுள்ளியும்
மெத்தையாய்ப் பரப்பிவிட்டு
கயிற்றை இழுத்தார்களாம்.
(இங்கே சேஃப்டி ஆபீசருக்கு
இது தோன்றியிருக்காது.)

ஆட்சி திரும்பியதும்
தூணை மறுபடி நிறுத்தும் செலவுக்கு
ஒரு ஓவியன் பெயரில் பில் எழுதினார்கள்.
வருஷம் பத்தாயிரம் பிராங்க்,
முப்பத்து மூன்று வருஷத் தவணை.
முதல் தவணைக்கு முந்தின நாள்
அவன் செத்துப்போனான்.

இதைச் சொன்னபோது கான்டீனில்
யாரும் தட்டிலிருந்து தலையெடுக்கவில்லை.
கீழக்கரை சீனி முகம்மது மட்டும்
பருப்பைப் பிசைந்தபடியே கேட்டார்:
ஜாமீன் கையெழுத்து யார் போட்டது?

ஜெர்வாஸ் போனில் ஒரு படம் காட்டினான்.
நீதி அமைச்சகம், தெருப்பக்கச் சன்னல்,
அதன் கீழே சுவரில் ஒரு பளிங்குப் பட்டை.
ஒரு மீட்டர் என்றால் இவ்வளவுதான் என்று
எல்லாரும் பார்க்கப் பதித்தது.
துணி விற்பவன் முழம் குறைத்தால்
இங்கே இழுத்துவந்து அளக்கலாம்.

எங்கள் டிராயிங்கில் அது இல்லை.
கிளையன்ட் கேட்கவில்லை.

வியாழன் இரவு மிஞ்சிய கலவை ஒரு வாளி.
டேப்பை நீட்டி ஜெர்வாஸ் ஒரு முனை, நான் ஒரு முனை,
ஏட்டில் ஏறாத ஓவர்டைம்.
வாட்ச் கடையாகப்போகும் சன்னலுக்குக் கீழே
நாலு போல்ட்டில் முடுக்கினோம்.
லெபனான் இன்ஜினியரம்மா ரீமா
விரலால் தட்டிப் பார்த்துக் கேட்டார்,
இது என்ன, எலிமென்ட் நம்பர் எத்தனை?
ஜெர்வாஸ் கண் சிமிட்டாமல் ஒரு நம்பர் சொன்னான்.
எழுதிக்கொண்டார். பாஸ்.

திறப்புக்கு இரண்டு நாள் முன்
சாரம் இறக்கும்போது அளந்தேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு மில்லி.

சிமென்ட் காயும்போது சுருங்கும்.
அச்சைக் கொஞ்சம் பெரிதாய்ச் செய்யவேண்டும்.
எங்களுக்குத் தெரியாதா?
தூணுக்குச் செய்தோம், சன்னலுக்குச் செய்தோம்,
விழும் சிப்பாயின் தொப்பிக்குக்கூடச் செய்தோம்.

கழற்றிவிடலாமா என்றேன்.
மூணு மில்லிதானே என்றான் ஜெர்வாஸ்,
பிறகு அவனே, மூணு மில்லி என்றான் இன்னொரு தரம்.

தில்பகதூர் கையுறையைக் கழற்றி
தோள் முதல் விரல்நுனி வரை
பட்டைமேல் கையைக் கிடத்திப் பார்த்தான்.
எட்டவில்லை.
மறுகையையும் வைத்துப் பார்த்தான்.

கேட்டில் வண்டி ஹாரன் அடித்தது.