நாற்பத்தெட்டு புள்ளி ஆறு

ஆனி பிறந்து நாலாம் நாள்.
இந்த மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்
வாயைத் திறந்தால் மூடுவதில்லை.
என் கடைத் தகரத்தை
இரண்டு பழைய டிரம்தான் பிடித்துவைத்திருந்தன.

சாயங்காலம் அது வந்தது.
முகப்பு என் கடை வாசலில்.
வால் விளக்கு இசக்கிமுத்து சாயாக்கடையைத் தாண்டி
பஞ்சர்க் கடையையும் தாண்டி.
மேலே காற்றாலையின் ஒற்றை இறக்கை, வெள்ளை,
அறுபத்திரண்டு மீட்டர்.
அதன் அடிவாயில் காற்று புகுந்து
சங்கு பழகிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் செங்கோட்டுவேலு, நாமக்கல் பக்கம்.
"கிரீஸ் மட்டும் வைங்கண்ணா.
பதினோரு கிலோமீட்டர்தான் பாக்கி."

கிரீஸ் வைக்க, பிரிக்க வேண்டும்.
டிரெய்லரின் கால்களை இறக்கி
சிவப்புக் குழாய் மஞ்சள் குழாய் இரண்டையும் கழற்றி
பூட்டை இழுத்து
என்ஜின் வண்டியை முன்னே போகச் சொன்னேன்.
தலை போனபின் உடம்பு
இரண்டு காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய கிரீஸ், கருப்பட்டிப் பாகு நிறம். துடைத்தேன்.
உள்ளே கிங் பின்.
இதை யாரும் விசாரிப்பதில்லை.
எத்தனை குதிரைத்திறன், எத்தனை டயர், எத்தனை டன்,
லிட்டருக்கு எவ்வளவு தரும், இவ்வளவுதான் கேட்பார்கள்.
இழுப்பதையும் இழுபடுவதையும் சேர்த்துப் பிடிப்பது
இரண்டு அங்குல உருக்கு,
ஒரு செந்துளுவன் பழத்தின் பருமன்.
புதுசில் ஐம்பது புள்ளி எட்டு மில்லிமீட்டர்.
நாற்பத்தொன்பதுக்குக் கீழே இறங்கினால் மாற்று.
இதற்கு வியாக்கியானம் கிடையாது.

காலிப்பரை வைத்தேன். நாற்பத்தெட்டு புள்ளி ஆறு.
துடைத்து, குறுக்கே திருப்பி வைத்தேன்.
நாற்பத்தெட்டு புள்ளி ஆறு.

"நாலு தலமுடி கம்மிண்ணா.
எழுநூறு கிலோமீட்டர் ஒண்ணும் ஆகலையே."
"ஆகியிருந்தா நீ இங்க வந்து சொல்லுவியா டே?"

முதலாளி போனில் வந்தார்.
கிரேனின் ஒருநாள் வாடகை சொன்னார்,
அனுமதிச் சீட்டு நாளையோடு முடிவதைச் சொன்னார்,
கிளீற்றஸ் என்ற என் பெயரை
மூன்று விதமாகச் சொன்னார்.
போனை வாசலுக்கு வெளியே நீட்டினேன்,
கொஞ்ச நேரம் காற்று பேசட்டும் என்று.
"அங்க என்னங்க சத்தம்?"
"உங்க இறக்கைதான்."

மதுரையிலிருந்து அரசு பஸ்ஸில்
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கோணியில் சுற்றி
மறுநாள் பதினொன்றரைக்குப் புதுப் பின் வந்தது.
அதுவரை இருந்தது வேறு வேலை.
காற்றுத் தொட்டியில் அரைச் செம்பு வெள்ளம், துருநிறம், வடித்தேன்.
சோம்பிக் கிடந்த ஒரு ஸ்லாக் அட்ஜஸ்டரை எழுப்பினேன்.
மூன்றாவது ஆக்சிலில் லைனிங்
ரிவெட்டைத் தொட இரண்டு மில்லி பாக்கி,
அடுத்த சவாரிக்கு முன் மாற்றவும் என்று எழுதி
அடியில் கோடும் போட்டேன்.
கிளீனர் பையன் இறக்கையின் அடிவாயில் படுக்கப் போனான்.
பத்து நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தான்.

எட்டு போல்ட். குறுக்குக்குறுக்காக,
டார்க் ரெஞ்ச் டக்கென்று சொல்லும்வரை.
அது சொன்னபின் என் கைக்குக் கருத்து கிடையாது.

தலை பின்னால் வந்தது. பூட்டு விழுந்த சத்தம்.
அந்தச் சத்தத்தை நம்பக் கூடாது.
டார்ச்சோடு கீழே படுத்துப் பார்த்தேன்.
ஒரு முழம் இழுக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன்.

செங்கோட்டுவேலு பில்லில் முந்நூறு குறைத்தான்.
போகும்போது ஹாரன் அடித்தான், அது கணக்கில் வராது.

முப்பந்தலில் எந்தக் கம்பத்தில் அந்த இறக்கை சுற்றுகிறது,
தெரியாது. பஸ்ஸில் போகும்போது
எண்ணத் தொடங்கி விட்டுவிடுவேன்.
பழைய பின் என் மேசையில்,
வேலைச் சீட்டுகளின்மேல்.
காற்று ஓரங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது.
நாலு தலைமுடி கம்மிதான்.
இந்த வேலைக்குப் போதும்.