மிச்ச மின்சாரம்

குந்தாவில் பிறந்து
கோவைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் மின்சாரம்
எங்கள் கூரைகளுக்கு மேலாகத்தான் போகிறது.
திரும்பிப் பார்ப்பதில்லை.
மழை நாளில் மட்டும் கம்பி
ஏதோ முணுமுணுக்கும்.

செத்துப்போன டியூப் லைட் ஒன்றைக்
கோபுரத்தடியில் நிமிர்த்திப் பிடித்தால்
தானாக மினுங்கும்.
எஸ்தரின் பையன்கள் அதை வைத்து வாள்சண்டை போடுவார்கள்.
பத்தொன்பது வருஷம்
எங்கள் காலனிக்குக் கிடைத்த கரண்ட் அவ்வளவுதான்.
மனுவுக்குப் பதில் வந்தது:
வனநிலம், கம்பம் நட வழியில்லை.
கோபுரம் நட வழி இருந்ததா என்று
எழுதிக் கேட்டோம்.
அதற்குப் பதில் வரவில்லை.

பிறகு மஞ்சூர் மெக்கானிக் போஜன் வந்தான்.
ஓடையோடு மேலும் கீழும் நடந்தான்.
பழைய பம்ப் ஒன்றைத் திருப்பி மாட்டினான்.
"தண்ணிய ஏத்திவிட்ட மெஷின்தானே,
இறங்கும்போது கூலி கேட்டா தப்பா?"

மூன்று கிலோவாட்.
முப்பத்தொரு வீடு.
வீட்டுக்குத் தொண்ணூறு வாட்.
இஸ்திரிப்பெட்டி கூடாது, ஹீட்டர் கூடாது,
மிக்ஸி என்றால் டிவியை அணை.
சட்டம் எழுதினவள் நான்,
சருகு அள்ளுகிறவளும் நான்.
விடியற்காலை நாலரைக்கு வலையில் கைவிட்டால்
சீகைச் சருகு, கற்பூர மரத்து இலை,
ஒருநாள் ஒரு குழந்தைச் செருப்பு.

தை மாதம். உறைபனியில்
தேயிலைக் கொழுந்து கருகிக் கிடந்தது.
ஓடையும் இளைத்திருந்தது.
ராத்திரி எட்டு மணிக்கு
எல்லா வீட்டு விளக்கும் ஒன்றாகப் படபடத்தன.
மூன்று ராத்திரி இப்படி.
நாலாம் நாள் டார்ச்சோடு வீடுவீடாகப் போனேன்.

சொர்ணவல்லியின் கட்டிலுக்கு அடியில்
இரண்டு நூறு வாட் குண்டு பல்பு.
பல்புக்கு அடியில்
நாற்பது கோழிக்குஞ்சு.
"கடன் வாங்கி இறக்கினது.
செத்தா நீ கட்டுவியா?"

கூட்டத்தில் பாதிப் பேர்
லைனை வெட்டு என்றார்கள்.
மீதிப் பேர் முட்டை என்ன விலை என்றார்கள்.

ஊர் தூங்குவது ஓடைக்குத் தெரியாது.
எல்லோரும் அணைத்த பின்னும்
அது தந்துகொண்டேயிருக்கும்.
வாங்க ஆளில்லாவிட்டால் மெஷின் வெறிபிடித்துச் சுற்றும்.
அதனால் மிச்சத்தையெல்லாம்
தொட்டித் தண்ணீரில் கிடக்கும் காயிலுக்குத்
தள்ளிவிடும் போஜனின் பெட்டி.
ஒரு வருஷமாக, விடிய விடிய,
யாருக்கும் இல்லாத வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தோம்.
விறைத்த விரலைத் தினமும் அதில் நனைக்கிற
எனக்கே தோன்றவில்லை.
கேட்டவள் சொர்ணவல்லிதான், மூக்கைச் சிந்திவிட்டு:
"அந்தச் சூடு யார் கணக்குல?"

நோட்டைப் புரட்டினேன்.
அதற்கு ஒரு கட்டம்கூட நான் போட்டிருக்கவில்லை.

மறுநாளே குஞ்சுகள் மெஷின் கொட்டகைக்கு வந்தன,
தொட்டியை ஒட்டிச் சாக்கு விரித்து.
ஒரு வீட்டில் விளக்கணைந்தால்
இங்கே தண்ணீர் இன்னும் கொஞ்சம் சுடும்.
கடைசி டிவியும் ஓய்ந்து
பனி இறங்குகிற நேரத்தில்தான்
நாற்பதும் கத்துவதை நிறுத்தும்.

முப்பத்தாறு பிழைத்தது.
இரண்டைக் கீரி கொண்டுபோனது.
மீதி இரண்டைப் பற்றி,
போஜன் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான்
கேட்க வேண்டும்.

பங்குனி வந்துவிட்டது.
குழாயின் வாயை ஓடை முழுதாக நிரப்புவதில்லை.
தொண்ணூறை அறுபதாக்க வேண்டும்;
அதற்கொரு கூட்டம், அதற்கொரு சண்டை.
பள்ளிக்கூடத்துக் கூரைக்குச் சோலார் தகடு கேட்டு
மனு போட்டிருக்கிறோம்.
பனிமூட்டத்தில் அது என்ன செய்யுமோ.

நேற்று எஸ்தரின் தங்கை கோவையிலிருந்து பேசினாள்.
காலையிலிருந்து கரண்ட் இல்லையாம்,
புழுக்கமாம், போனில் நாலு சதவீதம்தான் மிச்சமாம்.
விளக்கடியில் உட்கார்ந்து
எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"வேணும்னா இங்க வந்து சார்ஜ் போட்டுக்கோ" என்றாள்.
பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி,
"எட்டு மணிக்கு மேல வா."