புரட்டாசிச் சேறு

முத்துப்பேட்டை அலையாத்திக்கு இந்தப் பக்கம்
இறால் குட்டைக்குக் காவல்.
ஏரேட்டர் நின்றால் ஃபோன் செய்ய வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.

தண்ணீர் வற்றும் நேரம்
நாலு நரிக்குட்டிகள் வரும்.
சேறு இன்னும் கால் தாங்குகிறது.
தாய் தள்ளிப் படுத்து
வேறெங்கோ பார்க்கும்.

காது கிழிந்த குட்டி
நண்டு வளையில் மூக்கை விட்டது.
வீல்.
மூக்கில் தொங்கிய நண்டோடு
கண்டல் வேரைச் சுற்றிச் சுற்றி ஓடியது.
எனக்குச் சிரிப்பு, தாய்க்கு இல்லை.

வாலை விட்டுப் பிடிக்கும் என்பார்கள் கதையில்.
இது விடவில்லை.
மூன்றாம் இரவு
வளைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து
மூச்சை அடக்கிக்கொண்டது,
கொசு மொய்த்தும் அசையாமல்.
கொடுக்கு வெளியே வந்ததும்
முதுகோடு ஒரே கடி.
அந்தச் சத்தம்
பொரித்த அப்பளம் போல.

"நரி வந்தால் வெடி போடு"
என்றிருக்கிறார் நெய்னார் முதலாளி.
வெடி நமுத்துப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஐப்பசி பிறந்து ஆறு நாள் விடாத மழை.
சேறு முழுக்கத் தண்ணீருக்கடியில்.
வரப்பு மேட்டில் டார்ச் அடித்தேன்.
எட்டுக் கண் இருக்க வேண்டும், தாயை விட்டு.
ஆறு.

கிழிந்த காது இருக்கிறதா என்று பார்ப்பதற்குள்
திரும்பி நடந்துவிட்டன.

ஏரேட்டர் ஓடுகிறது.
ஃபோன் செய்ய ஒன்றுமில்லை.