இரண்டு, பிறகு இரண்டு

தண்ணீர் பில்லில் மாட்டியிருந்த கிளிப்பை நிமிர்த்தி
பானெட்டுக்குள் கறுப்புப் பெட்டியின்
இரண்டு துளைகளை இணைத்துவிட்டுச்
சாவியைத் திருப்பினேன்.

சாட்ஸ்வொர்த் முழுக்க லோட்ஷெடிங்.
எங்கள் கிழட்டு கான்க்வெஸ்டில் மட்டும்
ஒரு மஞ்சள் விளக்கு.

சிமிட்டல், சிமிட்டல்.
மூச்சுவிடும் நேரம்.
சிமிட்டல், சிமிட்டல்.

"இருபத்தொண்ணு" என்கிறான் பிரகாசன்,
பின்சீட்டில் படுத்தபடி.
தம்பி எண்ணினால் நடுவில் கொட்டாவி வரும்.

கைப்பேசி வெளிச்சத்தில் கையேடு:
இருபத்திரண்டு,
தண்ணீர்ச் சூடு அறியும் சென்சார்.

ஆக, மூன்று மாதமாய்
டர்பன் புழுக்கத்தில் நின்றுகொண்டு
குளிருகிறது குளிருகிறது என்று நம்பித்தான்
அத்தனை பெட்ரோலையும் குடித்தாயா?

ராத்திரியில் நீதானே எடுத்துப்போகிறாய் என்று
அம்மா முன்னால் இவனைக்
கத்தியிருக்கிறேன்.

தூங்கிவிட்டான்.

இன்னொரு தடவை எண்ணுகிறேன்.
இருபத்தொன்றாகவும் இருக்கலாம்.